பெள்ளி என்பது குடும்பப் பெயரா?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டியில், அதாவது படகர் கிராமத்தில் பிறந்து, இப்போது ஜெர்மனியில் வேலை பார்க்கிறீர்கள். அப்பா பெயர் பெள்ளி, தாத்தா பெயர் நஞ்சன். பாஸ்போர்ட்டில் சர்நேம் என்ற கட்டத்தில் அப்பாவின் பெயர் ஏறிவிட்டதால், வேலை செய்யும் இடத்தில் எல்லோரும் உங்களை 'திருமதி பெள்ளி' என்று கூப்பிடுகிறார்கள். பெயர்களுக்குப் பொருள் சொல்லும் ஒரு தளத்தில் தேடினால், அது பிரெஞ்சுச் சொல், 'அழகி' என்று பொருள் என்று போட்டிருக்கிறது. கணவரும் மலைக்காரர், அவர் பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டமே காலி. இன்னும் மூன்று மாதத்தில் குழந்தை பிறக்கப் போகிறது. குழந்தைக்கு என்ன குடும்பப் பெயர் எழுதுவது, பெள்ளியா, நஞ்சனா, கவுடரா என்று கேட்டிருக்கிறீர்கள். பொருள் என்ன என்று தொடங்கினாலும், கேள்வியின் அடியில் இருப்பது இதுதான் என்று எனக்குப் படுகிறது: எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இருந்ததா, இருந்தால் அது எங்கே போனது?

என்னைப் பற்றி இரண்டு வரி. நான் மேட்டுப்பாளையத்துக்காரன். மொழியியலில் முதுகலை முடித்துவிட்டு ஆசிரியர் வேலை கிடைத்து மலையேறினேன். கோத்தகிரி, குன்னூர் பக்கத்துப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் போயின. அதில் பாதிக்கு மேல், ஜூன் மாதம் வந்தால் சேர்க்கைப் பதிவேடு என் கையில்தான். மாணவர் பெயர், தந்தை பெயர், ஊர், தாய்மொழி என்று ஆயிரக்கணக்கான வரிகள் எழுதியிருக்கிறேன். படக மொழி என் தாய்மொழி இல்லை, காதால் கேட்டுக் கற்றது. அதனால் மொழியின் ஒலி வரலாறு பற்றி நான் சொல்வதை நம்பலாம். உங்கள் வீட்டு வழக்கம் பற்றி உங்கள் அத்தையோ பாட்டியோ வேறு மாதிரி சொன்னால் அவர்கள் சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, உறுதியானதிலிருந்து தொடங்குகிறேன். பெள்ளி என்றால் வெள்ளி. நகை செய்கிற வெள்ளிதான். தமிழில் சொல்லின் முதலில் 'வ' வரும் இடத்தில் கன்னடத்திலும் படக மொழியிலும் 'ப' வரும். பம்பரம் என்று சொல்லும்போது இரண்டாவதாக வருகிற அந்த அழுத்தமான 'ப'. தமிழில் வா, கன்னடத்தில் பா. வேர், பேரு. வில், பில்லு. விரல், பெரளு. அந்த வரிசையில்தான் வெள்ளியும் பெள்ளியும் நிற்கின்றன. ஒரே ஒரு சொல் ஒத்துப்போனால் தற்செயல் என்று தள்ளலாம்; வரிசையாக ஒத்துப்போனால் அது மொழியின் விதி. 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கி, நம் மலையில் தொதவர், கோத்தர் மொழிகளைக் கேட்டு எழுதிய எமனோ என்ற அறிஞர், பிறகு பரோவோடு சேர்ந்து தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி முழுக்க இப்படிப்பட்ட வரிசைகள்தான்.

அந்தத் தளம் பிரெஞ்சு என்று சொன்னதற்குக் காரணம் எழுத்து மட்டுமே. ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசி 'இ' ஒலிக்கு ஐ, இ என்று இரண்டு எழுத்து போட்டது வெள்ளைக்காரர் காலத்துப் பழக்கம். ஜோகி என்ற பெயரை ஹெச் சேர்த்து, கடைசியில் இரண்டு இ போட்டு எழுதுகிறார்களே, அதுவும் அதே பழக்கம்தான். அந்த எழுத்துக்கூட்டலைப் பார்த்து ஐரோப்பியப் பெயர் என்று நினைத்துவிட்டார்கள். ஒரு பெயருக்கு யாராவது பொருள் சொன்னால் நான் முதலில் கேட்பது, அந்தப் பெயரை வைத்தவர் எந்த மொழி பேசினார் என்பதைத்தான். உங்கள் அப்பாவுக்குப் பெயர் வைத்த பாட்டி பிரெஞ்சு பேசியிருக்க வாய்ப்பில்லை. அவர் பேசிய மொழியில் அந்தச் சொல் தினமும் புழங்கியது. வேறு ஆதாரம் தேட வேண்டியதில்லை.

இன்னொன்று. பெள்ளி படகரில் பெரும்பாலும் ஆண் பெயர். ஆனால் முதுமலை தெப்பக்காட்டில் தாயை இழந்த யானைக்குட்டிகளை வளர்த்த பொம்மன், பெள்ளி தம்பதியை ஆவணப்படத்தில் உலகமே பார்த்தது. அங்கே பெள்ளி மனைவியின் பெயர். காட்டுநாயக்கரிடம் பெண் பெயராகவும், படகரிடம் ஆண் பெயராகவும் ஒரே மலையில் ஒரே சொல் புழங்குகிறது. உலோகத்துக்கு ஆண், பெண் கிடையாது. ஜெர்மனியில் யாராவது 'இது ஆண் பெயரா, பெண் பெயரா' என்று கேட்டால், இரண்டும்தான் என்று தயங்காமல் சொல்லுங்கள்.

இந்த ஒலி விதிகளை ஒருமுறை பிடித்துக்கொண்டால் மலையின் பெயர்கள் தாமாகத் திறந்துகொள்ளும். பழைய கன்னடத்தின் இன்னொரு 'ப', பம்பரத்தில் முதலில் வருவது, பிற்காலத்தில் 'ஹ' ஆனது. அதனால் நம் பட்டி உங்களுக்கு ஹட்டி. நம் புலி உங்களுக்கு ஹுலி. குன்னூருக்குப் பக்கத்து ஹுலிக்கல் என்பது புலிக்கல். சமவெளித் தமிழருக்குச் சொல்லின் முதலில் ஹ வராது என்பதால் அதை உலிக்கல் என்று எழுதி, புலியையே காணாமல் அடித்துவிட்டார்கள். ஹுப்பதலை இன்று உபதலை என்று பெயர்ப்பலகையில் நிற்பதும் அப்படித்தான். கோத்தகிரியில் இருக்கும் 'கிரி' மலை என்ற வடசொல் என்று பலரும் நினைக்கிறார்கள். அது கேரி, தெரு. கோத்தர் கேரி. கன்னடக் கேரி தமிழில் சேரி: இ, ஏ போன்ற ஒலிகளுக்கு முன்னால் அங்கே 'க' இருக்கும் இடத்தில் தமிழில் 'ச' வரும். கன்னடக் கிவி தமிழில் செவி. படகர் என்ற பெயரே வடகர்தான், வடக்கிலிருந்து வந்தவர். பத்திரிகைகளில் படுகர் என்றும் எழுதுகிறார்கள்.

அந்த வருகை எப்போது நடந்தது என்பது விவாதத்தில் இருக்கும் விஷயம். 1565இல் விஜயநகரம் வீழ்ந்த பிறகு மைசூர்ப் பக்கத்திலிருந்து வந்தார்கள் என்பது ஆய்வாளர் பலர் சொல்வது. நாங்கள் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இந்த மண்ணுக்காரர்கள் என்று உங்கள் சமூகத்திலேயே பலர் வாதிடுகிறார்கள். 1603இல் மலையேறி வந்த ஏசு சபைப் பாதிரியார் ஃபெனிசியோ எழுதிய குறிப்பில் படகர் இருக்கிறார்கள். ஆக அப்போது இங்கே இருந்தது உறுதி. அதற்கு முன் எத்தனை தலைமுறை என்பதை ஒரு பெயரின் பொருளை வைத்து முடிவு செய்யக் கூடாது. பெயர் திசையைச் சொல்லும், தேதியைச் சொல்லாது.

அப்புறம் உங்கள் தாத்தா. நஞ்சன் என்றால் 'விஷம்' என்று அந்தத் தளம் சொல்லிவிடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. ஊட்டியிலிருந்து கூடலூர், குண்டலுப்பேட்டை வழியாக மைசூர் போகும்போது கபினிக் கரையில் நஞ்சன்கூடு வருமே, அங்கே இருக்கும் சிவனுக்கு நஞ்சுண்டேஸ்வரர் என்று பெயர். நஞ்சை உண்டவன். மைசூர்ச் சீமை முழுக்க நஞ்சப்பா, நஞ்சம்மா, நஞ்சுண்டன் என்று பெயர்கள் நிறைந்து கிடப்பது அந்தச் சாமியால். நஞ்சனும் நஞ்சியும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். பதிவேட்டில் நான் அடிக்கடி எழுதிய மற்றப் பெயர்களையும் பாருங்கள். ஜோகி, யோகி என்ற சொல்லின் கன்னட வடிவம். லிங்கன் சொல்லத் தேவையில்லை. ரங்கனும் ரங்கியும் அரங்கநாதர் பெயர். மலையடிவாரத்தில் காரமடையில் அவர் இருக்கிறார். மாதன், மாதி என்பவை மாதேஸ்வரன் மலையில் இருக்கும் சாமியை மாதப்பா என்று கூப்பிடுவார்களே, அங்கிருந்து வந்திருக்கலாம். நஞ்சனைப் பற்றிச் சொன்ன அளவு உறுதியோடு இதைச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் 'மாத' என்ற சின்னச் சொல் வேறு வழிகளிலும் வந்து சேர முடியும். ஆனால் மொத்தமாக ஒரு ஹட்டியின் பழைய பெயர்களை வரிசையாக எழுதிப் பார்த்தால், எந்தெந்தக் கோயிலுக்கு நடந்து போனார்கள் என்று ஒரு வரைபடமே கிடைக்கும். எனக்கு அந்தப் பதிவேடுகளில் ரொம்பப் பிடித்தது இதுதான்.

பொருள் தெரிந்துவிட்டது. ஆனால் உங்கள் அப்பாவுக்கு ஏன் வெள்ளி என்று பெயர் வைத்தார்கள் என்பது வேறு கேள்வி. இந்த இரண்டையும் கலக்கும் இடத்தில்தான் பெயர் விளக்கங்கள் பெரும்பாலும் தவறிப் போகின்றன. சமவெளியில் பிச்சை, குப்பன் என்று பெயர் இருந்தால் அந்தச் சொல்லின் பொருளை வைத்து எதுவும் புரியாது. முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்காமல் போன வீட்டில், இது யாரும் ஆசைப்படாத பிள்ளை என்று காட்டி எமனை ஏமாற்ற, குப்பையில் போட்டு எடுத்து அப்படிப் பெயர் வைப்பார்கள். அந்தப் பெயருக்குள் இருப்பது ஒரு தாயின் பயம். போதும்பொண்ணு என்ற பெயரில் வேறொரு துக்கம் இருக்கிறது. அதை எழுதும்போதெல்லாம் எனக்குக் கை நிற்கும். உங்கள் அப்பாவின் பெயருக்குப் பின்னால் நிறமா, வேண்டுதலா, முன்னோர் பெயரா என்பதை எந்த அகராதியாலும் சொல்ல முடியாது. வீட்டில் இருக்கும் மூத்தவர்தான் சொல்ல முடியும்.

முன்னோர் பெயராக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. பேரன் என்ற நம் சொல்லே பெயரன்தான், தாத்தாவின் பெயரைத் தாங்கியவன். நற்றிணையின் 40ஆம் பாட்டில், பிரிந்து போயிருந்த தலைவன் இரவில் கள்வன்போல் வீடு திரும்புகிறான். காரணம், 'சிறந்தோன் பெயரன் பிறந்தமாறே'. தன் தந்தையின் பெயரைத் தாங்கப் போகிறவன் பிறந்துவிட்டான். இரண்டாயிரம் ஆண்டு பழைய இந்த வழக்கம் நமக்கு நெருங்கிய காலத்தில் எப்படி நடந்தது என்பதற்கு நான் வகுப்பில் சொல்லும் எடுத்துக்காட்டு சர் சி.வி. ராமன் குடும்பம். ராமனின் தந்தை சந்திரசேகரன், 'சி' அவர்தான். ராமனின் அண்ணன் சி. சுப்ரமணியன். அந்தச் சுப்ரமணியனின் மகன் எஸ். சந்திரசேகர், தாத்தாவின் பெயரன். சித்தப்பாவுக்கு 1930இல் நோபல், அண்ணன் மகனுக்கு 1983இல் நோபல். ஒருவர் பெயரில் ராமன் விளைவு, இன்னொருவர் பெயரில் சந்திரசேகர் எல்லை. வெளிநாட்டுக்காரர் பார்த்தால் இரண்டு குடும்பம் என்றுதான் நினைப்பார், கடைசிப் பெயர் ஒத்துப்போகவில்லையே. நமக்கோ அந்த ஒரு சந்திரசேகரனே குடும்பத்தை முழுக்கக் காட்டிவிடுகிறது. நம் குடும்பப் பெயர் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்காது. ஒரு தலைமுறையில் முதலெழுத்தாகி, அடுத்த தலைமுறையில் சொந்தப் பெயராகத் திரும்பி வரும்.

நீங்கள் தேடுவது அங்கேதான் இருக்கிறது. படகரில் முதல் பட்டதாரியான ராவ் பகதூர் ஹெச்.பி. ஆரி கவுடரை உங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். ஹெச் என்பது அவருடைய ஊர் ஹுப்பதலை. பி என்பது தந்தை. அவரும் ஒரு பெள்ளிதான். ஆரி அவருக்கு வைத்த பெயர். ஊர், தந்தை, தான். இப்போது முல்லைப்பாட்டு எழுதிய புலவரின் பெயரைப் படியுங்கள்: காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார். ஊர், தந்தை, தான். அதே அடுக்கு, அதே வரிசை. நடுவில் ஆங்கிலம் வந்து முதலிரண்டையும் ஒற்றை எழுத்தாகச் சுருக்கியது, அவ்வளவுதான். இனிஷியல் என்பதை ஏதோ குடும்பப் பெயர் இல்லாத குறைக்கு வைத்த ஒட்டுப்போல நினைக்க வேண்டாம். அதற்குள் முழு விலாசமும் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

மலையில் உங்களுக்கு அதற்கு மேலும் உண்டு. எந்த ஹட்டி என்று சொன்னால், படகரின் நான்கு சீமைகளில் எது, தொதநாடா, பொரங்காடா, மேக்குநாடா, குந்தை சீமையா என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடும். யார் வீட்டில் பெண் எடுக்கலாம், எடுக்கக் கூடாது என்பதுவரை அதிலேயே வந்துவிடும். அப்படி ஓர் ஏற்பாடு இருக்கும் இடத்தில் சர்நேம் எதற்கு? உங்கள் அண்டை வீட்டார் தொதவரும் அப்படித்தான். குலத்தின் பெயர் தலைமை மந்தின், அதாவது தலைமைக் குடியிருப்பின் பெயர், அதை முன்னால் வைத்துத்தான் ஆளை அடையாளம் சொல்வார்கள். 1901, 1902இல் அவர்களோடு இருந்த மானிடவியல் ஆய்வாளர் ரிவர்ஸ் ஒரு நுணுக்கமான விஷயத்தைக் குறித்திருக்கிறார்: தொதவர் தம் பெயரைத் தாமே சொல்லத் தயங்குவார்கள், பெயர் கேட்டால் பக்கத்தில் இருப்பவரைச் சொல்லச் சொல்வார்கள், இறந்தவர் பெயரை உச்சரிக்க மாட்டார்கள். ரேஷன் கடையில் கணவர் பெயரைக் கேட்டால் வாய் திறக்காமல் வானத்து நிலாவைக் காட்டும் பாட்டியைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிதாக இருக்காது. பெயர் கட்டத்தில் நிரப்பும் தகவல் என்பது பின்னால் வந்த எண்ணம்.

அந்தக் கட்டத்தைக் கண்டுபிடித்தது யார் என்று பார்த்தால் உலகம் முழுக்க ஒரே பதில்தான் வருகிறது, பதிவேடு. ஐரோப்பாவில் சுமார் 12ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு, ஊர்கள் பெருத்து, வரியும் சொத்தும் எழுத்தில் ஏற ஏற, ஒரே பெயரில் பத்துப் பேர் இருந்தால் பிரித்துக் காட்ட வேண்டியிருந்தது. மாவு அரைப்பவர் மியுலர், கொல்லர் ஷ்மிட், தையல்காரர் ஷ்னைடர், மீன் பிடிப்பவர் ஃபிஷர். உங்கள் அலுவலகத்தில் இந்த நான்கு பேரும் நிச்சயம் இருப்பார்கள். அவர்களில் மாவு அரைப்பவர் யாரும் இருக்க மாட்டார். ஹாலந்துக்காரர் பலருக்கு 1811இல் நெப்போலியன் ஆட்சியின் ஆணையால்தான் குடும்பப் பெயரே வந்தது. பிலிப்பைன்ஸில் 1849இல் ஸ்பானிய ஆளுநர் கிளாவெரியா ஒரு பெரிய பெயர்ப்பட்டியலை ஊர் ஊராகப் பிரித்துக் கொடுத்து, இதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அகர வரிசையில் பிரித்ததால் ஊர் முழுக்க ஒரே எழுத்தில் தொடங்கும் குடும்பப் பெயர்கள் இன்றும் சில இடங்களில் உண்டு. தாய்லாந்தில் 1913இல் அரசர் சட்டம் போட்டார். துருக்கியில் 1934, முஸ்தபா கெமாலுக்கே அத்தாதுர்க் என்ற குடும்பப் பெயர் அப்போதுதான் கிடைத்தது. அவர் பிறந்தது 1881இல்! ஐம்பது வயதுக்கு மேல் வந்த பெயரைத் தலைமுறை தலைமுறையாக வந்ததுபோல் உலகம் சொல்கிறது.

வேண்டாம் என்று நின்ற நாடும் உண்டு. ஐஸ்லாந்தில் இன்றும் தந்தை பெயரோடு மகன் என்றோ மகள் என்றோ சேர்ப்பதுதான் வழக்கம். 1925இல் புதிதாகக் குடும்பப் பெயர் சூடுவதையே சட்டத்தால் தடுத்தார்கள். 1980 முதல் 1996 வரை அங்கே குடியரசுத் தலைவராக இருந்த விக்டிஸ் ஃபின்போகாதோத்திர், ஃபின்போகியின் மகள் விக்டிஸ். நாட்டுத் தலைவராக இருந்தபோதும் அவர் விக்டிஸ்தான். அப்பா பெயரை மட்டும் சொல்லி யாரும் கூப்பிட மாட்டார்கள். பர்மாவில் குடும்பப் பெயரே கிடையாது, ஐ.நா. பொதுச் செயலாளராக இருந்த ஊ தாண்ட்டின் பெயர் தாண்ட், 'ஊ' மரியாதைச் சொல். ஆக, 'உங்கள் நாட்டில் ஏன் குடும்பப் பெயர் இல்லை' என்று யாராவது கேட்டால், ஐஸ்லாந்து போலத்தான் என்று சொல்லுங்கள். ஐரோப்பாவில் அது உடனே புரியும்.

பதிவேடு பெயரை எப்படி மாற்றும் என்பதற்கு நானே சாட்சி. வேலைக்கு வந்த இரண்டாம் ஆண்டு, ஒரு பையனைச் சேர்க்கும்போது தந்தை பெயர் பெள்ளி என்றார்கள். நல்லது செய்வதாக நினைத்து வெள்ளி என்று எழுதினேன். மொழியியல் படித்தவன், இரண்டும் ஒன்று என்று தெரியும். நான்கு ஆண்டுகள் கழித்து மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்த அந்தத் தந்தை, எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, 'சார், இது என் பெயர் இல்லையே' என்றார். கோபமே இல்லை அவருக்கு. சத்தியமாக அவருக்குப் புரியவில்லை. சொல்லின் வேர் ஒன்றாக இருந்தாலும் பெயர் ஒன்றாகிவிடாது என்பதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். திருத்திக் கொடுத்தேன். அதற்குள் அந்தப் பையனின் வேறு இரண்டு ஆவணங்களில் வெள்ளி ஏறியிருந்தது. எஸ்டேட்டுகளில் செக்ரோலில், அதாவது தொழிலாளர் வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதியவர்கள், 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் தாள்களில் தந்தை பெயரையும் சொந்தப் பெயரையும் முன்பின்னாக மாற்றி எழுதியவர்கள் என்று இந்த மலையில் இப்படிப்பட்ட கதைகள் எத்தனையோ. அதனால்தான் உங்கள் கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுத உட்கார்ந்தேன்.

சரி, குழந்தைக்கு வருவோம். கவுடரைப் பற்றி என் கருத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன். காவுண்ட என்று பழைய கன்னடக் கல்வெட்டுகளில் ஊர்த்தலைவரைக் குறித்த சொல் கவுட ஆனது. நம் கவுண்டரும் அதோடு உறவுள்ளதுதான். அது பதவியின் பெயராக இருந்து சமூகத்தின் பெயராகப் பரவியது. உங்கள் குடும்பத்தை மட்டும் அது காட்டாது. சாதியைக் காட்டும் பட்டமாகவும் படிக்கப்படும். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விடச் சொல்லித் தீர்மானம் போட்ட பிறகு, பெயருக்குப் பின்னால் அதைப் போடாமல் இருப்பது தமிழ்நாட்டில் பெரும்பாலோர் பழகிக்கொண்ட நல்ல வழக்கம். அங்கே பிறக்கும் குழந்தைக்குப் புதிதாக அதை ஒட்ட வேண்டியதில்லை என்பது என் எண்ணம். அதை வைத்திருக்கும் பெரியவர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

மீதி மூன்று வழி. ஹட்டியின் பெயரையே குடும்பப் பெயராக வைக்கலாம். இது புதுமை இல்லை. ஆந்திரர் வீட்டுப் பெயர்கள் பலவும் ஊர்ப் பெயர்கள்தான். திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணனின் சர்வபள்ளி நெல்லூர்ப் பக்கத்து ஊர். அல்லது கணவரின் பெயரைக் குழந்தைக்குக் கடைசிப் பெயராக்கலாம். அதுதான் நம் வழக்கப்படி சரியான இனிஷியல். அதில் ஒரு சிக்கல், வீட்டில் மூன்று பேருக்கும் மூன்று கடைசிப் பெயர் இருக்கும். விமான நிலையத்தில் ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டிவரும், பிறப்புச் சான்றிதழின் நகலைக் கையில் வைத்துக்கொண்டால் போதும். மூன்றாவது, பெள்ளியையே நிலையான குடும்பப் பெயராக்கிவிடுவது. உங்கள் பாஸ்போர்ட்டில் ஏற்கெனவே இருப்பதால் தாயும் பிள்ளையும் ஒரே பெயரில் இருப்பீர்கள். தாயின் தந்தை பெயர் பேரப் பிள்ளைக்கு வருவது பெயரன் என்ற சொல்லுக்கும் ஒத்துப்போகும். என் வீட்டுக் குழந்தையாக இருந்தால் இதைத்தான் செய்வேன். ஆனால் கணவர் வீட்டாரிடம் முதலில் பேசிவிடுங்கள். பெயர் விஷயத்தில் பின்னால் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டால் மனத்தாங்கல் வரும்.

கணவரின் காலிக் கட்டத்தையும் இப்போதே கவனியுங்கள். இந்திய பாஸ்போர்ட்டில் அதைக் காலியாக விட அனுமதி உண்டு, ஆனால் வெளியே போனால் தொல்லை. அமெரிக்க விசாவில், இருக்கும் ஒரே பெயரைக் கடைசிப் பெயராக்கிவிட்டு, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'தெரியவில்லை' என்பதற்கான மூன்று எழுத்தைப் போட்டுவிடுவார்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு எமிரேட்ஸ் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு சுற்றுலாவாக வருபவர்களை ஏற்க மாட்டோம் என்று அறிவித்தது. பிறகு பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் போதும் என்று தளர்த்தியது. அடுத்த முறை புதுப்பிக்கும்போது அவர் பெயரைச் சொந்தப் பெயர், தந்தை பெயர் என்று இரண்டாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். எதைத் தேர்ந்தெடுத்தாலும் எழுத்துக்கூட்டலை மாற்ற வேண்டாம். அந்த 'ஐ, இ' பிரெஞ்சுபோல் தெரிந்தாலும் அப்பாவின் பத்திரங்களில் அதுதான் இருக்கும். ஜெர்மன் சட்டம் எதை ஏற்கும் என்பது என் துறை இல்லை. பிரசவத்துக்கு முன்பே அங்குள்ள பிறப்புப் பதிவு அலுவலகத்திலும் நம் தூதரகத்திலும் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த வாரம் வீட்டில் மூத்தவரிடம் பேசும்போது, அப்பாவுக்கு அந்தப் பெயரை யார் வைத்தார்கள், அதற்கு முன் வீட்டில் வேறு பெள்ளி யாராவது இருந்தார்களா என்று கேளுங்கள். அவர் சொல்வதை அவர் குரலிலேயே பதிவு செய்துகொள்ளுங்கள். முதலெழுத்தில் வரும் அந்த 'ப'வை எப்படிச் சொல்வது என்று குழந்தைக்குக் காட்டத் தேவைப்படும். சொன்னது என்ன என்று நேரம் கிடைக்கும்போது எனக்கும் எழுதுங்கள்.